தாய்ப்பலகையும் நிலைபொருளும்

அடித்தளம் செம்மையாக அமைந்த வீடே நெடுங்காலம் நிலைத்து நிற்கும். சுவர் இடியலாம், கூரை சரியலாம், அடித்தளம் உறுதியாயிருப்பின் வீட்டை மீண்டும் எழுப்பிவிடலாம். இவ்வுண்மைக்குப் புதுவை நகரின் வரலாறே சான்றாகும். 1761-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இந்நகரைக் கைப்பற்றி, அதன் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765-ஆம் ஆண்டில் நகரம் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அப்பொழுது ஆளுநராய் வந்த ழான் லா தெ லோரிஸ்தோன் என்பவர், பழைய அடித்தளங்களின்மீதே நகரைத் திரும்பக் கட்டுவித்தார். நகரின் வடபால் உள்ள லாஸ்பேட்டை அவர் பெயரால் வழங்குவது என்பர்.

இன்று லாஸ்பேட்டை கல்விச்சாலைகள் நிறைந்த பகுதியாக விளங்குகின்றது. தாகூர் கலைக் கல்லூரியும், மோதிலால் நேரு அரசினர் பல்தொழில்நுட்பக் கல்லூரியும், மகளிர் பல்தொழில்நுட்பக் கல்லூரியும், காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு நிறுவனமும் அங்கு உள்ளன. புதுவைக்கும் கணிப்பொறிக்கும் உள்ள உறவோ மிக நெருங்கியது. லெனோவோ நிறுவனத்தின் கணிப்பொறித் தொழிற்சாலை புதுவையில் இயங்கி வருகின்றது. செயற்கை நுண்ணறிவுப் பணிகளுக்கு உதவும் பெருங் கணிப்பொறிகளை ஆண்டுக்கு 50,000 வீதம் புதுவையில் உருவாக்கப்போவதாக அந்நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் அறிவித்தது.

இத்தகைய ஊரில் பல்தொழில்நுட்பக் கல்வி பயிலும் மாணவி ஒருத்தி, தன் வீட்டிற்கு வேண்டிய கணிப்பொறியைத் தானே இணைத்து அமைக்க விரும்புகின்றாள் எனக் கொள்க. அதற்கான பணம், அவள் தாயார் மாதந்தோறும் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். ஒரு பொருள் தவறாக வாங்கப்பட்டாலும், ஒரு செயல் அவசரத்தில் செய்யப்பட்டாலும், மறுமுறை வாங்குவதற்கு வீட்டில் வழியில்லை. ஆதலின் அவள் முதலில் ஆராய வேண்டியது கணிப்பொறியின் அடித்தளத்தையே ஆகும். அவ்வடித்தளமே தாய்ப்பலகை. கடைகளில் அதனை மதர்போர்டு என்று வழங்குவர்.

தாய்ப்பலகை என்பது கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து அழுத்திச் செய்யப்பட்ட தட்டையான பலகை. அதன் மேற்பரப்பிலும் உள்ளடுக்குகளிலும் மெல்லிய செம்புத் தடங்கள் ஓடுகின்றன. கணக்கிடும் நுண்செயலி, நினைவில் வைக்கும் ராம், செய்திகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி., திரை, விசைப்பலகை ஆகிய யாவும் இத்தடங்களின் வழியாகவே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு அழுத்தமுடையது. அதனை எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்துப் பலகைக்கு அளிக்கின்றது. அதனை மேலும் குறைத்து, ஒவ்வோர் உறுப்புக்கும் வேண்டிய அளவில் பகிர்ந்தளிப்பதும் தாய்ப்பலகையின் கடமையே. இங்ஙனம் எல்லா உறுப்புகளையும் தாங்கி ஊட்டி வளர்ப்பதால் அதனைத் தாய் என்றது பொருத்தமே அன்றோ?

தாய்ப்பலகையைத் தேர்ந்தெடுப்போர் பலர், பளபளப்பையும் வண்ண விளக்குகளையும் கண்டு மயங்குவர். அவை பயன் தாரா. முதலில் நோக்கவேண்டியது பொருத்தம். நுண்செயலி அமரும் இருக்கையைச் சாக்கெட் என்பர். ஒவ்வொரு வகை நுண்செயலிக்கும் தனித்தனிச் சாக்கெட் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 12, 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறி நுண்செயலிகள் எல்.ஜி.ஏ. 1700 என்னும் சாக்கெட்டில் அமர்வன. அவ்வெண், அதிலுள்ள தொடுமுனைகளின் தொகையைக் குறிக்கும். ஏ.எம்.டி. நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏ.எம்.5 சாக்கெட்டில் 1718 தொடுமுனைகள் உள்ளன. ஒன்றில் அமர்வது மற்றொன்றில் அமராது. ஆதலின் எப்பணிக்குக் கணிப்பொறி வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அப்பணிக்கு ஏற்ற நுண்செயலியைத் தெரிந்துகொண்டு, அதற்குப் பின்னரே பலகையைத் தேடுதல் வேண்டும்.

அடுத்து நோக்கவேண்டியது நினைவகத்தின் வகை. அம்மாணவியின் மாமன் வீட்டுப் பழைய கணிப்பொறியில் இரண்டு டி.டி.ஆர்.4 ராம்கள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்திக்கொண்டால் செலவு குறையும் என்று அவள் கருதலாம். ஆனால் அவள் விரும்பும் பலகை டி.டி.ஆர்.5 வகைக்கு உரியது. இரண்டு வகைக்கும் 288 தொடுமுனைகளே உள்ளன. நீளமும் ஏறத்தாழ ஒன்றே. எனினும் அடிப்பகுதியிலுள்ள வெட்டு வெவ்வேறிடத்தில் அமைந்திருக்கும். வெட்டுப் பொருந்தாத ராமை வலிந்து அழுத்தினால் ராமும் கெடும், துளைவாயும் கெடும். ஒரே பெயர் கொண்ட பலகை இரு வகை ராமுக்கும் தனித்தனியே செய்யப்படுவதும் உண்டு. பெயரின் இறுதியிலுள்ள ஓரெழுத்தோ ஓரெண்ணோதான் அவ்வேறுபாட்டைக் காட்டும். ஆதலால் பெட்டியின்மேல் உள்ள பெயரை ஓரெழுத்தும் விடாது படித்தல் நன்று.

மூன்றாவதாக நோக்கவேண்டியது நுண்செயலிக்கு மின்சாரம் வழங்கும் பகுதி. 125 வாட்டு ஆற்றலை உண்ணும் நுண்செயலிக்கு ஏறத்தாழ 1.25 வோல்ட்டு அழுத்தமே வேண்டும் எனக் கொண்டால், அதற்குள் பாயும் மின்னோட்டம் 100 ஆம்பியர் ஆகின்றது. வீட்டுக் கூரையில் சுழலும் மின்விசிறிக்குச் செல்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆம்பியரே. இதனோடு ஒப்பிட்டால் அச்சிறு சதுரத்தைச் சுற்றியுள்ள உறுப்புகள் எத்துணைச் சுமையைத் தாங்குகின்றன என்பது விளங்கும். அவ்வுறுப்புகளின்மீது வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் உலோகக் கட்டிகள் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். கோடையில் புழுங்கும் புதுவை போன்ற கடற்கரை நகரில் இது மிகவும் இன்றியமையாதது. உப்புக் கலந்த ஈரக்காற்று தொடுமுனைகளை அரிக்கும் இயல்புடையது. ஆதலால் கணிப்பொறியைத் திறந்த சன்னலின் அருகே வைத்தலும் தகாது.

நான்காவதாக, பலகையின் அளவு. இன்டெல் நிறுவனம் 1995-ஆம் ஆண்டில் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுப்படி பலகை 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையது. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகை பக்கத்துக்கு 244 மில்லிமீட்டர் வரையுள்ள சதுரம், மினி ஐ.டி.எக்ஸ். பலகை 170 மில்லிமீட்டர்ச் சதுரம். வாங்கும் கேபினெட் எவ்வளவைத் தாங்கும் என்பதை அறிந்தே பலகையை வாங்குதல் வேண்டும். ராம் செருகும் வாய்கள் எத்தனை, எஸ்.எஸ்.டி. பொருத்தும் எம்.2 வாய்கள் எத்தனை, பின்புறத்து யு.எஸ்.பி. வாய்கள் எத்தனை என்பவற்றையும் எண்ணிப் பார்த்தல் நலம். உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதைக் கேட்டு, வரிசை எண் குறித்த ரசீதையும் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

பலகையைக் கையாள்வதிலும் விழிப்பு வேண்டும். எல்.ஜி.ஏ. வகைச் சாக்கெட்டில் தொடுமுனைகள் மயிரிழை போன்ற மெல்லிய கம்பிகளாக நிற்கும். ஒரு கம்பி வளைந்தாலும் பலகை பயனற்றுப் போகலாம். ஆதலால் நுண்செயலி அமரும் வரையில் சாக்கெட்டின் மூடியை அகற்றலாகாது. பழைய மூடியை எறிந்துவிடவும் ஆகாது. பலகையைத் தொடுமுன் கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் தங்கிய நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். பலகையை எப்பொழுதும் ஓரங்களிலேயே பிடித்தல் வேண்டும்.

இவையனைத்தையும் அம்மாணவி நன்கு கடைப்பிடிக்கின்றாள். எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட் உடைய பலகை ஒன்றையும், 14-ஆம் தலைமுறை நுண்செயலி ஒன்றையும், டி.டி.ஆர்.5 ராமையும் வாங்குகின்றாள். பலகை கடையில் நெடுநாள் தங்கிய சரக்கு. ஆதலால் விலையும் குறைவு. வீட்டில் எல்லாவற்றையும் முறைப்படி இணைத்து விசையை அழுத்துகின்றாள். விசிறிகள் சுழல்கின்றன, விளக்குகள் எரிகின்றன, திரையோ இருண்டே கிடக்கின்றது. தாயாரின் சேமிப்பு வீணாயிற்றோ என்று அவள் கலங்குகின்றாள். ஆனால் எப்பொருளும் கெடவில்லை. சாக்கெட் பொருந்தியது, ராம் பொருந்தியது, பொருந்தாதது ஒன்றே. அதுவே கண்ணுக்குப் புலப்படாத நிலைபொருள்.

நிலைபொருள் என்பது யாது? கணிப்பொறிக்கு விசையை அழுத்திய கணத்தில், நுண்செயலிக்கு ஒன்றும் தெரியாது. எங்கே ராம் இருக்கின்றது, எங்கே சேமிப்பகம் இருக்கின்றது, எதை முதலில் எழுப்புவது என்பன எவையும் அது அறியா. முன்னரே வகுக்கப்பட்ட ஒரே முகவரியை மட்டும் அது நாடிச் செல்லும். அம்முகவரியில், பலகையிலுள்ள சிறு சில்லு ஒன்றில், முதற் கட்டளைகள் எழுதப்பட்டிருக்கும். அக்கட்டளைகளே உறுப்புகளை ஒவ்வொன்றாக எழுப்பிச் சோதித்து, இறுதியில் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்திடம் பொறுப்பை ஒப்படைக்கின்றன. இக்கட்டளைத் தொகுதியே நிலைபொருள். மக்கள் வழக்கில் இதற்குப் பயாஸ் என்பது பெயர். அமெரிக்கரான கேரி கில்டால் தம் இயங்குதளத்தின் ஒரு பகுதிக்கு 1970-களில் இட்ட பெயர் அது. இக்காலத்துப் பலகைகளில் உள்ளது யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய முறையே ஆயினும், பழைய பெயர் மாறாமல் வழங்கி வருகின்றது.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியில் பயாஸின் அளவு 8 கிலோபைட்டு மட்டுமே. அது மாற்றவியலாத சில்லில் பதிக்கப்பட்டிருந்தது. மாற்ற வேண்டின் சில்லையே கழற்றி வேறு சில்லைப் பொருத்த வேண்டும். இக்காலத்துச் சில்லுகள் 16 அல்லது 32 மெகாபைட்டுக் கொள்வன. அஃதாவது இரண்டாயிரம் மடங்கோ நாலாயிரம் மடங்கோ பெரியன. அவை ஃபிளாஷ் என்னும் வகையைச் சேர்ந்தவை. மின்சாரத்தால் அழித்து மின்சாரத்தால் மீண்டும் எழுதத்தக்கவை. ஆதலால் பலகையைக் கழற்றாமலேயே நிலைபொருளைப் புதுப்பிக்க முடிகின்றது.

இனி, மாணவியின் பலகைக்கு நேர்ந்ததை எளிதில் அறியலாம். அச்சாக்கெட் உடைய முதற் பலகைகள் 2021-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தன. 14-ஆம் தலைமுறை நுண்செயலிகளோ 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தன. முன்னரே செய்யப்பட்டுக் கடையில் உறங்கிய பலகையின் நிலைபொருள், பின்னர்ப் பிறந்த நுண்செயலியை அறியாது. வாயிற்காப்போன் புதிய விருந்தினரை அறியாமல் வெளியே நிறுத்திவிட்டதைப் போன்றது இது. நிலைபொருளைப் புதுப்பித்தால் வாயில் திறக்கும். வாங்கும்பொழுதே, அப்பலகை எந்தப் பதிப்பிலிருந்து அந்நுண்செயலியை ஏற்கும் என்று உற்பத்தி நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்திருந்தால், கடைக்காரரிடமே புதுப்பித்துத் தரும்படி கேட்டிருக்கலாம்.

புதிய நுண்செயலியை ஏற்கச் செய்வதற்கு மட்டும் அன்றி, பிழைகளைக் களையவும் புதுப்பித்தல் தேவைப்படும். இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறி நுண்செயலிகளுள் சில, இயங்கும்பொழுதே தடுமாறி நின்றன. நுண்செயலிக்குள் இருந்த கட்டளைகள் தேவைக்கு மிகுந்த மின்னழுத்தத்தைக் கோரியமை ஒரு காரணம் என்று 2024-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அறிவித்தது. அதற்குரிய திருத்தம் அவ்வாண்டு ஆகஸ்டு முதல் தாய்ப்பலகைகளின் நிலைபொருள் வழியாகவே வழங்கப்பட்டது. அத்திருத்தம் சேதம் வராமல் காக்கும். வந்த சேதத்தை ஆற்றாது. ஆகவே காலத்தில் செய்யவேண்டிய புதுப்பித்தலைத் தள்ளிப்போடுவதும் தீங்கே.

ஆயினும், புதியது வந்தது என்ற ஒரே காரணத்திற்காக அடிக்கடி புதுப்பிப்பதும் அறிவுடைமை ஆகாது. செய்ய வேண்டிய காரணம் மூன்றே: புதிய உறுப்பை ஏற்கச் செய்தல், அறிவிக்கப்பட்ட பிழையைத் திருத்தல், பாதுகாப்புக் குறையை அடைத்தல். இவற்றுள் ஒன்றும் இல்லையாயின், நன்கு இயங்கும் பலகையை அதன் போக்கில் விட்டுவிடலாம். ஏனெனில் இச்செயலில் உண்மையான இடர் ஒன்று உண்டு.

அவ்விடர் யாது? ஃபிளாஷ் சில்லில் பழையதன்மேல் புதியதை நேராக எழுத இயலாது. முதலில் ஒரு பகுதியை முழுதும் அழித்து, அதன் பின்னரே அவ்விடத்தில் புதியதை எழுத வேண்டும். கீற்றுக் கூரையை மாற்றுவோர் பழைய கீற்றைப் பிரித்துவிட்டுத்தான் புதிய கீற்றை வேய்கின்றனர். பிரித்தபின் வேயுமுன் மழை பெய்தால் வீடு நனையும். அங்ஙனமே, அழித்தபின் எழுதுமுன் மின்சாரம் நின்றால் பழைய கட்டளையும் இராது. புதிய கட்டளையும் இராது. நுண்செயலி நாடிச் செல்லும் முகவரியில் பொருளற்ற எழுத்துகளே இருக்கும். பலகையின் எல்லா உறுப்புகளும் நலமாயிருந்தும் அது விழித்தெழாது.

இவ்விடர் எத்துணைப் பெரிது என்பதை உலகம் ஒருமுறை கண்டது. தைவான் நாட்டு மாணவர் சென் இங்-ஹாவ் என்பவர் 1998-ஆம் ஆண்டில் தீய நிரல் ஒன்றை எழுதினார். சி.ஐ.எச். எனப் பெயர் பெற்ற அந்நிரல், 1999-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாளில் பல நாடுகளில் ஒருங்கே வெடித்தெழுந்தது. அது சேமிப்பகத்திலுள்ள செய்திகளை அழித்ததோடு, சில வகைத் தாய்ப்பலகைகளின் பயாஸையும் பொருளற்ற எழுத்துகளால் நிரப்பியது. அப்பலகைகளில் சில்லை மாற்றியோ, வேறு கருவியால் மீண்டும் எழுதியோதான் உயிர் கொடுக்க வேண்டியதாயிற்று. சில கிலோபைட்டு எழுத்துகள் அழிந்தமையால் முழுக் கணிப்பொறியும் ஊமையாயிற்று.

புதுவையில் மின்தடை பற்றிய அச்சம் வெறுங் கற்பனை அன்று. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையைக் கடந்து மின்கம்பங்களைச் சாய்த்தது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவையின் அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பல பகுதிகளில் மின்சாரம் நின்றது. ஆதலால் வானம் கறுத்திருக்கும் நாளில் இவ்வேலையைத் தொடங்கலாகாது. தெளிந்த நாளிலும் யு.பி.எஸ். துணையின்றித் தொடங்கலாகாது. யு.பி.எஸ். இருந்தால் மட்டும் போதாது. அதன் பேட்டரி உயிரோடு இருக்கின்றதா என்று முன்னரே சோதித்தல் வேண்டும். சுவர் விசையை அணைத்து, வேறொரு கருவியைப் பத்து நிமிடம் அது தாங்குகின்றதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். மடிக்கணினியாயின் பேட்டரியை நிறைத்து, மின்கம்பியையும் இணைத்தே செய்தல் வேண்டும்.

இனி முறையைக் காண்போர், முதலில் பலகையின் முழுப் பெயரையும் திருத்த எண்ணையும் அறிதல் வேண்டும். அவை பலகையின்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அப்பெயருக்கும் அவ்வெண்ணுக்கும் உரிய கோப்பை, உற்பத்தி செய்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து மட்டுமே பெறுதல் வேண்டும். நண்பர் அனுப்பினார் என்றோ, வேறு தளத்தில் எளிதில் கிடைத்தது என்றோ எடுத்துக்கொள்ளலாகாது. ஓரெழுத்து மாறிய பலகைக்குரிய கோப்பும் தீங்கு விளைக்கலாம். கோப்புடன் உள்ள குறிப்புகளையும் படித்தல் வேண்டும். இடைப்பட்ட ஒரு பதிப்பை முதலில் ஏற்றும்படி சில வேளைகளில் அவை கூறும்.

ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள கணிப்பொறியாயின், மேலும் இரண்டு கடமைகள் உண்டு. புதுப்பித்தலால் பயாஸின் அமைப்புகள் பெரும்பாலும் பழைய தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும்; ஆதலால் அவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளல் வேண்டும். விண்டோஸில் பிட்லாக்கர் என்னும் பூட்டு இடப்பட்டிருந்தால், அதனைத் தற்காலிகமாக நிறுத்தி, மீட்புக் குறியெண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். இல்லையேல் பலகை நலமாய் எழுந்தும், சொந்தச் செய்திகளின் கதவு திறவாது போகலாம். முதன்மையான கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் எப்பொழுதும் நன்று.

கோப்பை ஏற்றும் வழிகள் பல. பயாஸின் உள்ளே நுழைந்து, அதிலுள்ள கருவியால் பென் டிரைவிலிருந்து ஏற்றுவது பலரும் மேற்கொள்ளும் நல்வழி. இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும்பொழுது அதனுள்ளிருந்தே ஏற்றுவதும் உண்டு. இடையில் வேறு நிரல்கள் குறுக்கிட இடமிருப்பதால், தாய்ப்பலகையைப் பொறுத்தவரை முன்னைய வழியே விரும்பத்தக்கது. மூன்றாவது வழி, பின்புறத்துள்ள தனிப் பொத்தானால் ஏற்றுவது. அதற்கு ஃபிளாஷ்பேக் என்று பெயர். இவ்வழியில் நுண்செயலி இல்லாவிட்டாலும் பலகை தன் நிலைபொருளைத் தானே எழுதிக்கொள்ளும். இருண்ட திரையின்முன் அமர்ந்திருக்கும் மாணவிக்கு உதவுவது இவ்வழியே. பலகையை வாங்கும்பொழுது இப்பொத்தான் உள்ளதா என்று பார்ப்பது எத்துணைப் பயனுடையது என்பது இப்பொழுது விளங்கும்.

அவள் தோழியின் கணிப்பொறியில் கோப்பை இறக்குகின்றாள். பென் டிரைவை ஃபாட் 32 முறையில் அமைத்து, கையேடு கூறும் பெயரைக் கோப்புக்கு இட்டு, அதற்கெனக் குறிக்கப்பட்ட யு.எஸ்.பி. வாயில் செருகுகின்றாள். யு.பி.எஸ். பேட்டரியைச் சோதித்தபின் பொத்தானை அழுத்துகின்றாள். சிறு விளக்கு மின்னத் தொடங்குகின்றது. அது மின்னும் வரையில் எதையும் தொடுவதில்லை. தம்பி ஓடிவந்து கம்பியில் இடறாதிருக்கக் கதவையும் சாத்திவைக்கின்றாள். சில நிமிடங்களுக்குப் பின் விளக்கு அணைகின்றது. எழுதும் வேலை முடிந்தது.

ஆனால் சோதனை இன்னும் முடியவில்லை. முதன்முறை எழும்பொழுது நிலைபொருள் ராமின் இயல்பை அளந்தறிந்து, அதற்கேற்பத் தன்னைப் பொருத்திக்கொள்ளும். டி.டி.ஆர்.5 ராமுக்கு இவ்வேலை சில நிமிடங்கள் நீளலாம். அதுவரை திரை இருண்டே இருக்கும். கணிப்பொறி தானாகவே நின்று மீண்டும் எழுவதும் உண்டு. அறியாதார் இந்நிலையில் பொறுமை இழந்து விசையை அணைத்துவிடுவர். மாணவியின் கையும் விசையை நோக்கிச் செல்கின்றது. ஆனால் கையேட்டில் படித்தது நினைவுக்கு வர, கையை மடக்கிக்கொண்டு காத்திருக்கின்றாள். பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. சிறிது நேரத்தில் திரை ஒளிர்கின்றது. நுண்செயலியின் பெயர் அதில் தோன்றுகின்றது.

ஒருவேளை புதுப்பித்தல் இடையில் முறிந்துவிட்டால் என் செய்வது? உடனே நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள பலகையில் அம்முறையையே மீண்டும் செய்யலாம். சில பலகைகளில் இரண்டு பயாஸ் சில்லுகள் உண்டு; ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்கும். இவை இரண்டும் இல்லையாயின், பழுது பார்ப்போர் தனிக் கருவியைச் சில்லின் கால்களில் பற்றவைத்து, நிலைபொருளை நேரே எழுதிவிடுவர். சில்லுக்குச் சில்லு மின்னழுத்தம் வேறுபடுமாதலால், பழகாதார் அதில் கைவைத்தல் கூடாது.

கணிப்பொறியின் உறுப்புகள் நாளுக்கு நாள் மாறும். இன்று புதியதாயிருக்கும் சாக்கெட் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். ஆனால் வாங்குமுன் பொருத்தம் நோக்குதலும், மாற்றுமுன் காரணம் காணுதலும், தொடங்குமுன் இடரை எண்ணி ஆயத்தம் செய்தலும், தொடங்கியபின் முடியும்வரை பொறுத்திருத்தலும் என்றும் மாறா. இந்நான்கையும் கைக்கொள்வோர்க்குப் பெருந்தொகை செலவிட்டு வாங்கிய பொருள் நெடுநாள் உழைக்கும். சீட்டுப் பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்த தாயாரின் பொறுமை, சில நிமிடங்கள் இருண்ட திரையின்முன் கைகட்டிக் காத்திருந்த மகளின் பொறுமையால் காக்கப்பட்டது.